இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நோயுற்றிருந்த காலம்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அஸருக்குள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. ஜும்ஆவில் துஆச் செய்யும்படி இமாமிடம் ஆள் போகிறது. அதே வீட்டில் ஒருவருக்கு மனம் நோயுற்றுவிட்டாலோ, முதலில் ஜன்னல் சாத்தப்படுகிறது. வருகிறவர்களிடம் பிள்ளை வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லப்படுகிறது. தங்கைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று தாயும் தகப்பனும் பயந்து பயந்து வாழ்கிறார்கள். போதாக்குறைக்கு, ஈமான் உறுதியாக உள்ளவனுக்கு இப்படியெல்லாம் வருமா என்று கேட்டுவிட்டுப் போக ஒரு உறவினர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறார்.

அப்படிக் கேட்கிறவர்களுக்கு நாம் ஒரு பெரியாரின் வரலாற்றைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் இமாம் அபூ ஹாமித் முஹம்மது அல் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களின் வரலாறு அது. அன்னாரின் ‘இஹ்யா உலூமித்தீன்’ ஓதப்படாத பெரிய மத்ரஸா ஏது? ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது ஊர்களில் அன்னாரின் பெயர் தெரியாத வீடும் இருக்காது. ஆயினும் அந்த மாபெரும் இமாமவர்கள் ஒரு காலத்தில் பேச நாவெழாமல், உண்ண முடியாமல், வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸான் நாட்டில் தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்று ஜீவித்த ஏழை. ஃபுகஹாக்களின் சபையில் போய் உட்கார்ந்து, தமக்கும் இப்படி ஓர் ஆலிம் பிள்ளை வேண்டுமென்று அழுவாராம். வாஇழ்களின் மஜ்லிஸுக்குப் போனால் உபதேசம் செய்யும் பிள்ளை வேண்டுமென்று கேட்பாராம். இரண்டு துஆக்களும் கபூலாயின. மூத்தவர் முஹம்மது, இளையவர் அஹ்மத். ஆனால் அதைக் காண அந்தத் தந்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரு பிள்ளைகளையும் இருந்த சொற்பப் பணத்தையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், தம்மிடம் ஒன்றுமில்லை, மத்ரஸாவில் சேர்ந்தால் சோறாவது கிடைக்கும் என்று பிள்ளைகளை அனுப்பி வைத்தார். சோற்றுக்காகப் போய் ஓதத் தொடங்கியதை இமாமவர்கள் பிற்காலத்தில் மறைக்கவில்லை. அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காக இல்மைத் தேடினோம், இல்மோ அல்லாஹ்வுக்காக அல்லாது வேறெதற்கும் ஆக மறுத்துவிட்டது என்ற கருத்தில் சொல்லுவார்கள். இந்தச் சொல்லை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும். பின்னால் நடந்ததற்கெல்லாம் வித்து இதிலே இருக்கிறது.

தூஸிலும் ஜுர்ஜானிலும் ஓதிய பிறகு நைஸாப்பூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் மாணவரானார்கள். ஹிஜ்ரி 478-ல் உஸ்தாது வஃபாத்தாகும் வரை அங்கேயே இருந்தார்கள். அதன் பின் ஸல்ஜூக்கிய சுல்தானின் மந்திரி நிழாமுல் முல்க்கின் சபை. அங்கே நடந்த விவாதங்களில் எதிர்த்து நிற்க ஆளில்லை. மந்திரி மகிழ்ந்து, ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) அன்னாரைப் பகுதாது நிழாமிய்யா மத்ரஸாவின் தலைமை உஸ்தாதாக நியமித்தார். அப்போது வயது முப்பத்து நான்குதான்.

பகுதாதில் அன்னாருக்கு இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது. முந்நூறு மாணவர்கள் அன்னாரிடம் ஓதினார்கள். அமீர்களும் கலீஃபாவின் அரண்மனையாருமே பின்தங்கிப் போகும்படியான கம்பீரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நகருக்குள் நுழைந்தபோது அணிந்திருந்த உடையையும் ஏறி வந்த வாகனத்தையும் கண்டவர்கள் மதிப்புப் போட்டு ஐந்நூறு தீனார் என்றார்களாம். பாடம் நடத்தியது போக மிஞ்சிய வேளையில், உஸ்தாதின் துணையில்லாமலேயே கிரேக்கத் தத்துவங்களை இரண்டு வருடத்திற்குள் படித்து முடித்து, அவற்றை மறுத்து ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ எழுதினார்கள். இதற்கிடையே ஹிஜ்ரி 485-ல் நிழாமுல் முல்க் பாத்தினிய்யாக்களின் கத்திக்கு இரையானார். அடுத்த மாதமே சுல்தான் மலிக் ஷாவும் மரணமடைந்தார். நாட்டில் குழப்பம். ஆனால் இமாமவர்களின் புகழுக்கு ஒரு குறையும் வரவில்லை. வெளியே இருந்து பார்த்தவர் எவரும், இவருக்கு என்ன குறை என்றுதான் சொல்லியிருப்பார்.

உள்ளே நடந்தது வேறு. தாம் கற்பிக்கும் இல்மு எதற்காக என்று அன்னார் தம்மையே கேட்டுப் பார்த்தார்கள். அல்லாஹ்வின் பொருத்தத்திற்காக அல்ல, பெயருக்காகவும் அந்தஸ்துக்காகவும்தான் என்று கல்பு பதில் சொல்லிற்று. ஒரு நாள் பகுதாதை விட்டுப் புறப்பட்டுவிடலாமென்று நிய்யத்து வைப்பார்கள். மறுநாள் அது கலைந்துவிடும். காலையில் ஆகிரத்தின் ஆசை உண்டானால் மாலையில் துன்யாவின் ஆசை படையெடுத்து வந்து அதைத் துரத்திவிடும். இப்படி ஒரு காலை முன்வைப்பதும் மறு காலைப் பின்வைப்பதுமாகவே நாட்கள் கழிந்தன.

ஹிஜ்ரி 488 ரஜபு மாதம் (கி.பி. 1095) வந்தது. காரியம் அன்னாரின் கையை மீறிற்று. நாவு அடைத்துப் போயிற்று. மாணவர்கள் வந்து காத்திருக்கிறார்களே, அவர்கள் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் நடத்துவோமென்று உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு வார்த்தை வெளிவரவில்லை. எந்த நாவின் வன்மையால் குராஸானும் இராக்கும் அடங்கிக் கிடந்தனவோ அந்த நாவு அசையவில்லை. அதனால் கல்பில் பெருந்துக்கம் குடிகொண்டது. துக்கம் வயிற்றைப் பிடித்தது. ஒரு மிடறு தண்ணீர் இறங்கவில்லை, ஒரு கவளம் சோறு செரிக்கவில்லை. உடல் மெலிந்து பலம் குன்றியது.

வைத்தியர்கள் வந்தார்கள். அது பகுதாது நகரம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அங்கே அளுதுத் தவ்லா கட்டிய மாரிஸ்தான் என்னும் பெரிய ஆஸ்பத்திரி அப்போதே நூறு வருடங்களுக்கு மேலாக நடந்து வந்தது. உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து வைத்திய நூல் எழுதிய அபூ ஸைத் அல் பல்கீ என்ற அறிஞர் ஹிஜ்ரி 322-லேயே காலமாகிவிட்டார். ஆகவே வந்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் நாடி பார்த்துச் சொன்னது இதுதான்: இந்த வியாதி கல்பிலே தொடங்கியது, அங்கிருந்து உடலின் மிஸாஜுக்குள் பரவியிருக்கிறது, உள்ளத்தை வாட்டும் கவலை நீங்கினாலன்றி மருந்துக்கு வழியில்லை. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வைத்தியர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். சொல்லக் கேட்ட இமாமவர்களோ கோபிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. அந்த வார்த்தையை அப்படியே பிற்காலத்தில் தமது கிதாபில் எழுதியும் வைத்தார்கள்.

இனித் தமக்கு ஒரு சக்தியும் இல்லை என்று கண்டபோது, வேறு வழியே இல்லாத ஒருவன் கேட்பதுபோல் இமாமவர்கள் அல்லாஹ்விடம் கேட்டார்கள். அல்லாஹ் தஆலா அந்தத் துஆவை ஏற்றான். பதவியையும் பொருளையும் விட்டுவிடுவது கல்புக்கு இலேசாயிற்று. ஷாம் தேசம் போவதாகச் சொன்னால் கலீஃபாவும் நண்பர்களும் தடுப்பார்களென்று மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லி, துல்கஃதா மாதத்தில் பகுதாதை விட்டுப் புறப்பட்டார்கள். இருந்த பொருளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் ஜீவனத்துக்குப் போதுமானதை மட்டும் எடுத்து வைத்தார்கள். மத்ரஸாவில் தம் இடத்தில் தம்பி அஹ்மதை அமர்த்தினார்கள். மனம் நொந்த அந்த வேளையிலும் வீட்டாருக்குச் செய்ய வேண்டியதை அன்னார் விட்டுவிடவில்லை என்பதை நமது குடும்பத் தலைவர்கள் கவனிக்கட்டும்.

ஊர் சும்மா இருந்ததா? இராக்கின் ஆலிம்களுக்கு இந்த மாற்றம் விளங்கவே இல்லை. இதைவிடப் பெரிய பதவி தீனில் இல்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு, ஒருவர் அதை விட்டுப் போவதற்கு மார்க்கக் காரணம் இருக்க முடியும் என்றே தோன்றவில்லை. தூரத்தில் இருந்தவர்கள், அரசாங்கத்துக்குப் பயந்து ஓடுகிறார் என்றார்கள். அரசாங்கத்தின் பக்கத்தில் இருந்தவர்களுக்கோ, ஆட்சியாளர்கள் அன்னாரைப் பிடித்து வைக்கப் பட்ட பாடு தெரியும். ஆகவே அவர்கள் வேறொன்று சொன்னார்கள். இஸ்லாமியர்கள் மீதும் ஆலிம்கள் மீதும் கண்ணேறு பட்டுவிட்டது, அதுதான் காரணம் என்றார்கள்!

கண்ணேறு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அது ஹதீஸில் வந்த விஷயம். ஓதிப் பார்ப்பதும் ஸுன்னத்தில் உள்ளதே. ஆனால் விளங்காததையெல்லாம் கண்ணேறு என்றும் ஜின் என்றும் செய்வினை என்றும் சொல்லி, அதோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் பழக்கம் பகுதாதிலும் இருந்திருக்கிறது பாருங்கள். நம் நாட்டில் அதற்குக் கொடுத்த விலை அதிகம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியுமுன் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மடிந்தார்கள். அவர்களெல்லாம் யாரோ ஒருவருடைய மகனும் மகளும்தான். குணமாகட்டும் என்று கொண்டுவந்து விட்டுப் போனவர்கள்தான் அந்த உறவினர்கள். 2017-ம் வருடச் சட்டப்படி மனநோயாளி எவரையும் எங்கும் சங்கிலியால் கட்டக் கூடாது. சட்டம் வருமுன்பே அது கூடாது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இமாமவர்களின் பயணத்துக்கு வருவோம். திமிஷ்க் நகரில் ஏறத்தாழ இரண்டு வருடம் தங்கினார்கள். அங்குள்ள உமவிய்யா ஜாமிஉப் பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் திக்ரிலும் ஃபிக்ரிலும் இருப்பார்கள். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவிலும் அப்படியே. கலீல் நகரில் ஹள்ரத் இப்றாஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்ரின் பக்கத்தில் நின்று, இனி எந்த அரசனிடமும் போவதில்லை, அரசனின் பணத்தைத் தொடுவதில்லை, வாதத்தில் இறங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ஹஜ்ஜையும் ஸியாரத்தையும் முடித்தார்கள். பிறகு பிள்ளைகளின் அழைப்பு மனதை இழுக்க, ஊர் திரும்பினார்கள். ஊர் திரும்பும் எண்ணமே தமக்கு இல்லாதிருந்தது என்றும் அன்னார் மறைக்காமல் எழுதுகிறார்கள்.

போகிற வழியில் ஹிஜ்ரி 490-ல் பகுதாதில் சிறிது காலம் தங்கியபோது, அந்தலூஸிலிருந்து வந்திருந்த இப்னுல் அரபீ என்ற வாலிப ஆலிம் அன்னாரிடம் ‘இஹ்யா’வைக் கேட்டு ஓதினார். நாவு அடைத்துப் போன ஊரிலேயே நாவு திறந்தது! இம்முறை பகுதாதில் கண்டவர்கள் அன்னாரின் உடைக்கு மதிப்புப் போட்டபோது பதினைந்து கீராத்து என்றார்களாம். ஒரு தீனார் கூட இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் அது கதையாகிவிடும். தூஸில் தனித்திருந்த காலத்திலும் காலத்தின் சம்பவங்களும், குடும்பக் காரியங்களும், பிழைப்பின் தேவைகளும் மனதைக் குழப்பிக்கொண்டே இருந்தன. தெளிவான நிலை அவ்வப்போதுதான் கிடைத்தது. அது கைநழுவும், மறுபடி தேடிப் போவார்கள், மறுபடி நழுவும். ஆயினும் நம்பிக்கையை விடவில்லை. இப்படியே பத்து வருடங்கள் போயின என்று அன்னாரே எழுதுகிறார்கள். நோயாளியின் வீட்டார் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டுமென்பது நமது விருப்பம். நேற்று நன்றாக இருந்தான், இன்று மறுபடியும் படுத்துவிட்டான், இவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நாம் சலித்துக்கொள்கிறோமே! ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் அவர்களுக்கே நேர்வழியாக ஏறிப் போகும் படிக்கட்டு கிடைக்கவில்லை.

இங்கே இரண்டு தவறுகளுக்கு இடமிருப்பதால் இடையில் ஒன்று சொல்லிவிடுகிறோம். இமாமவர்களுக்கு வந்தது இன்ன நோய் என்று இக்காலப் பெயர் சூட்ட நாம் துணியவில்லை. அன்னார் தமது நிலைக்குத் துன்யாவின் ஆசையைக் காரணமாகக் கண்டார்கள். தம்மைப் பற்றி அப்படிச் சொல்ல அன்னாருக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, உனக்கும் துன்யா ஆசையால்தான் வந்தது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் ஷரீஃப் சொல்லுகிறதே, நபிக்கா ஈமான் குறைந்தது?

மற்றது, கஸ்ஸாலி இமாம் மருந்தை விட்டு மினாரா ஏறினார்கள், நீயும் மாத்திரையைத் தூக்கியெறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அன்னார் முதலில் வைத்தியரிடம் காட்டினார்கள். அவர்களிடம் மருந்து இல்லாமற் போயிற்று. இன்று இருக்கிறது. இதே இமாமவர்கள் ‘இஹ்யா’வில், மருந்து உண்பது தவக்குலுக்கு முரண் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். வைத்தியம் படிப்பது ஃபர்ளு கிஃபாயா என்றும், ஊரில் ஒரு முஸ்லிம் வைத்தியன் இல்லாதிருக்க எல்லோரும் ஃபிக்ஹு ஓத ஓடுகிறார்களே என்றும் வருந்தியிருக்கிறார்கள். அல்லாஹ் இறக்கிய எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் இல்லை என்பது ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாக்கு. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய துஆவை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். துக்க வீட்டில் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வாற்கோதுமை மாவில் தல்பீனாக் கஞ்சி காய்ச்சச் சொல்லி, அது நோயுற்றவரின் உள்ளத்துக்கு இதம் தரும், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதை அறிவித்தார்கள். துஆவும் கஞ்சியும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

ஹிஜ்ரி 499-ல் (கி.பி. 1106) நிழாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க், மந்திரியாக இருந்தவர், இமாமவர்களை விடாப்பிடியாக அழைத்தார். ஸாலிஹான பெரியார்களைக் கலந்துகொண்டு, பதினோரு வருடத்துக்குப் பின் நைஸாப்பூர் நிழாமிய்யாவில் மறுபடி பாடம் சொல்ல உட்கார்ந்தார்கள். திரும்பி வந்துவிட்டார் என்று பிறர் சொன்னார்கள். அன்னாரோ, முன்பு அந்தஸ்தைத் தேடித் தரும் இல்மைக் கற்பித்தேன், இப்போது அந்தஸ்தை விடச் செய்யும் இல்முக்கு அழைக்கிறேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஐம்பது வயதைத் தொட்டு நின்ற இமாமவர்கள் ‘அல் முன்கித் மினள் ளலால்’ என்னும் சிறு கிதாபை எழுதினார்கள். இக்கட்டுரையில் நாவு அடைத்ததும், சோறு செரிக்காததும், வைத்தியர் கைவிட்டதும், ஊர் பேசியதும் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கப்பட்டன. எதிரிகள் இல்லாத காலமல்ல அது. அன்னாரின் நூல்களில் குற்றம் தேடியவர்கள் நைஸாப்பூரிலேயே இருந்தார்கள். நோயைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால் கேட்பவர் இல்லை. ஆனாலும் எழுதினார்கள். தீனில் சகோதரர் ஒருவர் கேட்டதற்குப் பதிலாக, ஒளிக்காமல் எழுதினார்கள். நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். அன்னார் கிதாபாக்கி மத்ரஸாக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நைஸாப்பூர்க்காரர் அப்துல் காஃபிர் அல் ஃபாரிஸீ என்ற ஆலிம் இமாமவர்களை இளமையிலும் அறிந்தவர், திரும்பி வந்த பிறகும் பலமுறை போய்ச் சந்தித்தவர். முன்பு அன்னாரிடம் கண்ட கடுமையும், பிறரை இலேசாக எண்ணும் பெருமையும் அவருக்கு நினைவிருந்தது. ஆகவே இந்தப் பணிவு வேஷமோ என்று முதலில் சந்தேகித்தார். துருவித் துருவி ஆராய்ந்தார். கடைசியில் தாம் நினைத்தது தவறு என்றும், அந்த மனிதர் பைத்தியத்திலிருந்து தெளிந்துவிட்டார் என்றும் எழுதினார். எதைப் பைத்தியம் என்றார் என்று பாருங்கள். நாவு அடைத்துக் கிடந்த மாதங்களையல்ல, ஐந்நூறு தீனார் உடுப்பும் பெருமையுமாக ஊரே வியந்து நின்ற காலத்தைத்தான்!

ஃபக்ருல் முல்க்கும் ஹிஜ்ரி 500-ல் கொல்லப்பட்டார். பின்னர் இமாமவர்கள் தூஸுக்கே வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் கத்மு செய்வதும், நல்லோருடன் இருப்பதும், பாடம் சொல்வதுமாக வேளைகளைப் பகுத்து வைத்திருந்தார்கள். கடைசிக் காலத்தில் புகாரி, முஸ்லிம் ஹதீஸ் கிதாபுகளில் முழுகினார்கள். அன்னாருக்குப் பெண் மக்கள் மட்டுமே இருந்தார்கள்.

ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர்). விடியற்காலையில் ஒளுச் செய்து தொழுதார்கள். கஃபன் துணியைக் கொண்டு வரச் சொன்னார்கள். அதை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் வைத்துக்கொண்டார்கள். பின் கால்களை நீட்டிக் கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். வெளிச்சம் வருமுன் ரூஹு பிரிந்தது. பக்கத்தில் இருந்து கண்டு இதைச் சொன்னவர், அன்று பகுதாதில் அண்ணன் விட்டுச் சென்ற இடத்தில் உட்கார்ந்து பாடம் சொன்ன அதே தம்பி அஹ்மத்தான்.